நாலு லீ, ஒரு பல்

கண்ணு,

நேற்று ராத்திரி போனில் புள்ளியியலில் வரும் கருதுகோள் சோதனை பற்றி நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கணக்கு போட வருதுப்பா, எதுக்குப் போடறோம்னுதான் புரியல" என்றாய். "இன்மைக் கருதுகோளை ஏற்கிறோம்" என்று நீ எழுதியதைச் சிவப்பு மையில் அடித்து இரண்டு மார்க் குறைத்துவிட்டார்கள் என்ற வருத்தம் வேறு. அதற்குள் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்கப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன்.

அப்பா மில்லில் லேப்பில் இருந்தார் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன் பாடப் புத்தகத்தின் அந்த ஒரு அத்தியாயத்தைத்தான் முப்பது வருஷம் செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

எங்கள் மில்லில் ஓடியது பெரும்பாலும் 40-ஆம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளம் எத்தனை தடவை கிடைக்கிறதோ அதுதான் கவுண்ட். அதற்காக யாரும் பவுண்டுக் கணக்கில் நூலை அளந்துகொண்டிருக்க முடியாது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினிலிருந்து ஒரு காப்பை, அதாவது நூல் சுற்றிய குழலை, எடுத்து, ஒன்றரை கஜம் சுற்றளவுள்ள ராப் ரீலில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கஜம். அதற்குப் பெயர் லீ. அதைத் தராசில் வைத்து, 64.8-ஐ அந்த கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். சரியான 40-ஆம் நம்பர் என்றால் லீ 1.62 கிராம் நிற்க வேண்டும்.

ஆனால் எந்த லீயும் சொல்லி வைத்த மாதிரி 1.62 நிற்காது. பஞ்சு மாறும், காப் சுழலும் ஸ்பிண்டில் மாறும், காற்றின் ஈரம் மாறும். ஒன்று 39 காட்டும், அடுத்தது 40.5 காட்டும். மில் ஒழுங்காக ஓடும்போதே இப்படித்தான். ஆக, லேப்காரனுக்குக் கேள்வி ஒன்றுதான். நான் பார்க்கிற இந்த வித்தியாசம் வழக்கமான ஆட்டமா, இல்லை மெஷினே நகர்ந்துவிட்டதா? உன் பாடத்தில் இதைத்தான் முழுமைத் தொகுதியின் (அதாவது மெஷினில் வரும் மொத்த நூலின்) சராசரி 40, மாற்றம் ஏதும் இல்லை என்பது இன்மைக் கருதுகோள், 40 இல்லை என்பது மாற்றுக் கருதுகோள் என்று எழுதியிருக்கிறார்கள்.

1986-இல் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பி.எஸ்சி. கணிதம் படித்த திமிர் கொஞ்சம் இருந்தது. அன்றைக்குப் பத்து காப் எடுத்து வந்திருந்தேன். முதல் ஷிஃப்ட் முடிவதற்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று ஸ்பின்னிங் மாஸ்டர் அவசரப்படுத்தினார். நாலு காப்பை மட்டும் சுற்றினேன். 39.2, 40.1, 38.9, 39.6. சராசரி 39.45. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 0.52. அதை நாலின் வர்க்கமூலமான இரண்டால் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது சராசரி தானே எவ்வளவு ஆடும் என்பதன் அளவு, 0.26. 40-க்கும் 39.45-க்கும் இடைவெளி 0.55. அதை 0.26-ஆல் வகுத்தால் 2.12, மைனஸ் குறியோடு.

கல்லூரியில் எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண் 1.96, ஐந்து சதவீதச் சோதனையின் எல்லைக்கோடு. 2.12 அதைத் தாண்டிவிட்டது. நூறில் ஐந்து தடவைகூட தற்செயலாக இப்படி வராது, நூல் பருத்துவிட்டது, சந்தேகமே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். மாஸ்டரும் நம்பி, நூல் எவ்வளவு மெலிய வேண்டும் என்று தீர்மானிக்கும் பல்சக்கரமான டிராஃப்ட் பினியனை, நூல் மெலிய ஒரு பல் குறைவான பினியனாக மாற்றச் சொன்னார். எங்கள் பினியனில் ஒரு பல் என்பது ஏறக்குறைய ஒரு கவுண்ட். பினியனைக் கழற்றிய ஜாபர் (மெஷினைப் பார்த்துக்கொள்பவர்) வயதானவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். "ஏனுங்க தம்பி, நாலு காப்பப் பாத்துட்டுங்களா பல்ல மாத்தச் சொல்றீங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு 1.96 தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, நூல் வாங்கிய தறிக்காரர் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாற்றுவதற்கு முன்னால் ஓடிய நூலும் பின்னால் ஓடிய நூலும் ஒரே துணியில் ஊடையாகப் போய், குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தது. லேப்பில் திரும்ப எடுத்துப் பார்த்தால் கவுண்ட் 41-ஐத் தொட்டுக்கொண்டு நின்றது.

அன்று நான் சுற்றாமல் விட்ட ஆறு காப்பும் தட்டிலேயே கிடந்தன. ராத்திரி தனியாக உட்கார்ந்து சுற்றினேன். 40.4, 39.7, 40.6, 40.2, 39.9, 40.3. பத்தையும் சேர்த்தால் சராசரி 39.89, திட்ட விலக்கம் 0.54, திட்டப் பிழை 0.17. டி மதிப்பு, அதாவது இடைவெளியைத் திட்டப் பிழையால் வகுத்த விடை, மைனஸ் 0.64. ஒன்றைக்கூட எட்டவில்லை. மெஷினில் மாற்றவேண்டிய அவசியம் எதுவும் அந்த எண்களில் இல்லை. நான்தான் ஒரு பல்லைக் கெடுத்தேன்.

எங்கே தப்பு? நாலு லீ எடுத்தது மட்டும் தப்பில்லை. நாலு லீயை வைத்துக்கொண்டு 1.96-ஐக் கேட்டதுதான் தப்பு. அந்த எண், மில்லின் உண்மையான திட்ட விலக்கம் உனக்கு முன்னமே தெரியும் என்றால் பொருந்தும். எங்கள் பழைய ரெஜிஸ்டர்களில் அது ஏறக்குறைய 0.6. அதைப் போட்டிருந்தாலும் திட்டப் பிழை 0.3, விடை 1.83, அப்போதும் 1.96-ஐத் தாண்டியிருக்காது. நானோ ரெஜிஸ்டரைப் புரட்டச் சோம்பல்பட்டு, அந்த நாலு லீயிலிருந்தே திட்ட விலக்கத்தையும் எடுத்தேன். நாலு எண்ணிலிருந்து எடுத்த திட்ட விலக்கம் தானே ஆடும். நாலும் தற்செயலாகப் பக்கம் பக்கமாக விழுந்தால் அது சின்னதாகி, வகுத்து வரும் விடை பெரிதாகிப் பயமுறுத்தும். அதற்கு ஈடுகட்டத்தான் டி அட்டவணை. நாலு எண்ணுக்கு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, மூன்று. மூன்றுக்கு எதிரே ஐந்து சதவீதத்தில் பார், 3.182 என்று இருக்கும். என் 2.12 அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இந்த டி முறையைக் கண்டுபிடித்தவரும் நம்மைப் போல ஒரு ஆலைக்காரர்தான் என்று பின்னால் தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். வில்லியம் சீலி காசெட். 1899-இல் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் சேர்ந்தவர், வேதியியல் படித்தவர். பார்லி, மால்ட், ஹாப்ஸ் எல்லாவற்றுக்கும் சோதனை செய்ய வேண்டும், ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் காசும் நாளும் ஆகும் என்பதால் கையில் கிடைப்பது நாலோ ஐந்தோ எண்கள்தான். அன்றைய புள்ளியியல் ஆட்கள் நூற்றுக்கணக்கில் அளந்து பழகியவர்கள், சின்னக் கூறுகளை, அதாவது சில எண்களே உள்ள மாதிரிகளை, அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஆலை அவரை 1906-இல் லண்டனுக்கு, புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் ஆய்வகத்துக்குப் படிக்க அனுப்பியது. அங்கே கணக்கில் வந்ததைக் கையாலும் சரிபார்த்தார். 3000 குற்றவாளிகளின் உயரமும் நடுவிரல் நீளமும் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்தார். 750 கூறுகள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒவ்வொரு நாலுக்கும் சராசரி, திட்ட விலக்கம். அதுவும் நாலு! நான் எடுத்த அதே நாலு.

1908-இல் கட்டுரை வந்தது. ஆலைக்காரர்கள் தங்கள் பெயரில் எதையும் வெளியிட நிர்வாகம் விடாததால் 'ஸ்டூடண்ட்' என்று போட்டுக்கொண்டார். உன் புத்தகத்தில் ஸ்டூடண்ட் டி என்று இருக்கிறதே, அது மாணவர்களுக்கான எளிய முறை என்று நீ நினைத்திருந்தால் அடித்துவிடு. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தைச் சேர்த்து இப்போதைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபிஷர் என்ற இன்னொரு புள்ளியியல் அறிஞர். ஐந்து சதவீதம் என்பதும் அவர் 1925-இல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவிய பழக்கம்தான். இருபதில் ஒன்று என்பது வசதியான கோடு, அவ்வளவுதான். பினியன் மாற்ற ஐந்து சதவீதம் போதும் என்று யாரும் கல்வெட்டில் வெட்டி வைக்கவில்லை. தேவையில்லாமல் பல் மாற்றினால் எனக்கு ஆன நஷ்டம் உனக்குத் தெரிந்துவிட்டது. மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் விட்டால் பருத்த நூல் போய், கிலோவுக்கு நீளம் குறைந்து, தறிக்காரர் வேறு மில்லுக்குப் போய்விடுவார். இரண்டில் எது உன்னை அதிகம் சுடும் என்று பார்த்துத்தான் கோட்டைப் போட வேண்டும். அதையும் லீயைச் சுற்றுவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு ஒரு பக்கச் சோதனையா (பருத்ததா என்று மட்டும்) இரு பக்கமா (பருத்ததா மெலிந்ததா என்று இரண்டும்) என்று யோசிப்பது கள்ளத்தனம். (என் நாலு லீக்கு ஒரு பக்கமாகப் பார்த்தாலும் தாண்ட வேண்டியது 2.353. கள்ளம் செய்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது.)

பி மதிப்பையும் இதிலேயே பார்த்துவிடு. மூன்று டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்துக்கு 2.12 என்றால் பி சுமார் 0.125. மெஷின் உண்மையிலேயே 40-இல் ஓடிக்கொண்டிருந்தாலும், திரும்பத் திரும்ப நாலு லீ எடுத்தால், எட்டில் ஒரு தடவை இவ்வளவு பெரிய டி, அல்லது இதைவிடப் பெரியது, சும்மாவே வரும். எட்டில் ஒரு தடவை வரக்கூடியதை நம்பியா பினியனைக் கழற்றுவது? கவனி, கவுண்ட் 40 ஆக இருப்பதற்கு வாய்ப்பு எட்டில் ஒன்று என்று இதற்கு அர்த்தமில்லை. படித்தவர்களே இங்கே வழுக்குகிறார்கள்.

இப்போது உன் இரண்டு மார்க். அந்த நாலு லீயை வைத்து நான் 40-ஐ மறுக்க முடியாது, சரி. அப்படியானால் 40 என்று ஏற்றுக்கொள்ளலாமா? அதே நாலு லீயை வைத்து, கவுண்ட் 39 என்பது இன்மைக் கருதுகோள் என்று சோதித்துப் பார். 0.45-ஐ 0.26-ஆல் வகுத்தால் 1.73. அதையும் மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாததையெல்லாம் ஏற்பதாக இருந்தால் ஒரே நூல் 39-ஆம் நம்பரும் ஆகும், 40-ஆம் நம்பரும் ஆகும். 38.6-இலிருந்து 40.3 வரை எதைச் சொன்னாலும் அந்த நாலு லீ தலையாட்டும். அதனால்தான் "மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்று எழுதச் சொல்கிறார்கள். சிவப்பு மை போட்டவர் சொன்னது சரிதான், கண்ணு. போய்ச் சண்டை போடாதே.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அம்மா சொல்வாளே, அவளிடம் வாதாடவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பானைச் சோறு ஒரே தண்ணீரில் கொதித்தது, கரண்டி போட்டுக் கிண்டியது. மில்லில் நாலு காப்பையும் ஒரே ஃபிரேமில் பிடுங்கினால் அந்த ஃபிரேமின் கதை மட்டும்தான் தெரியும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது எல்லா லீயும் சேர்ந்தே கனக்கும். அப்போது நூறு லீ எடுத்தாலும் டி உன்னைக் காப்பாற்றாது, தப்பான விடையை இன்னும் உறுதியாகச் சொல்லும். உன் புத்தகத்தில் "சமவாய்ப்புக் கூறு" என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்களே, எங்களுக்குப் பாதி வேலை அதுதான். பல ஃபிரேம், பல ஸ்பிண்டில், ஒரே ஈரப்பதத்தில் வைத்து ஆறவிட்ட பிறகு எடை.

அந்த ஜாபரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டை விழுந்த விஷயம் தெரிந்தும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கப்புறம் எந்தப் பினியனை மாற்றச் சொன்னாலும், "எத்தன லீங்க தம்பி?" என்று மட்டும் கேட்பார். நான் எண்ணைச் சொன்ன பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார்.

பழைய நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. பத்து எண்ணும் இந்தக் கடிதத்திலேயே வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் போடாமல் ஒரு தடவை கையால் போட்டுப் பார். மைனஸ் 0.64 வரவில்லை என்றால் திட்ட விலக்கம் எடுக்கும்போது ஒன்பதால் வகுப்பதற்குப் பதில் பத்தால் வகுத்திருப்பாய். அப்படியும் வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா