மனநலப் பிரிவில் பெற்றோருக்குத் துணையாகப் பெற்றோர்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

மனநலச் சிகிச்சை பெற்றுவரும் பதின்வயது மகளின் தாயாக இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மனநலச் சிகிச்சை நடைபெறும் இடங்களில், இதே பாதையைக் கடந்து வந்த பெற்றோர் ஒருவரைப் பயிற்சியும் மதிப்பூதியமும் அளித்து, புதிதாக வரும் பெற்றோருக்குத் துணையாக நியமிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் சிறாருடன் அவருடைய பிரதிநிதியோ, அவர் அமர்த்தும் ஒருவரோ சிகிச்சைக் காலம் முழுவதும் தங்கியிருக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலும் அந்தப் பிரதிநிதி தாய் அல்லது தந்தைதான். சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவரும் அவரே. இத்தனை பொறுப்பை ஏற்கும் அந்த மனிதருக்குத் தோள்கொடுப்பவர் யார் என்பதுதான் விடுபட்டுப் போயிருக்கிறது.

நெரிசலான புறநோயாளர் பிரிவில் நோயின் பெயரையும் மாத்திரையின் அளவையும் விளக்குவதற்கே மருத்துவருக்கு நேரம் போதுவதில்லை. அது அவர் குறையன்று. வீடு திரும்பிய பின் எழும் கேள்விகளோ வேறு. தோல் வெடிக்கும்வரை கை கழுவும் மகளைத் தடுப்பதா, விட்டுவிடுவதா? மருந்தின் மயக்கத்தில் காலையில் எழ முடியாத மகனைப் பற்றி வகுப்பாசிரியரிடம் எவ்வளவு சொல்லலாம்? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்னும் மாமியாருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்லும் அண்டை வீட்டாருக்கும் என்ன பதில் சொல்வது? பிள்ளை தேறுவாளா என்ற அச்சத்தைவிட, நம் வளர்ப்புத்தான் காரணமோ என்ற எண்ணமே பல தாய்மாரை உறங்கவிடாமல் செய்கிறது. "என் மகனுக்கும் இப்படித்தான் இருந்தது" என்று எதிரில் அமர்ந்து ஒருவர் சொல்லும்போது கிடைக்கும் ஆறுதலை எந்தத் துண்டறிக்கையாலும் தர முடியாது. எந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்க வேண்டும், எதை உளவியலாளரிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்று வழிகாட்டவும் அவரால் இயலும். கை கழுவுவது பற்றிய என் கேள்வி உளவியலாளரிடம் போக வேண்டியது. பிள்ளை நோயின் உந்துதலால் திரும்பத் திரும்பச் செய்யும் இத்தகைய செயலுக்கு வீட்டார் உடன்படுவது நோயை வலுப்படுத்தக்கூடும் என்பதால், அதில் யாரும் தாமாக யோசனை சொல்லிவிடக் கூடாது.

இதற்கு முன்னுதாரணம் அரசிடமே உள்ளது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மையங்களில், அத்தொற்றுடன் வாழ்பவர்களே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்களாகப் பணியமர்த்தப்படுகிறார்கள். பட்ட அனுபவமே அங்கே பணிக்கான தகுதியாக ஏற்கப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களை நம்பித்தான் வீடுதோறும் சென்றது. வேலூர் பாகாயத்தில் இயங்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்யும் முறையைப் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றி வருகிறது.

எல்லைகளும் தெளிவாக வேண்டும். துணைப் பெற்றோர் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லக் கூடாது. கேட்டதை வெளியே பேசக் கூடாது. ஒரு பிள்ளை தன்னை மாய்த்துக்கொள்ள நினைப்பதாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மனநலச் சமூகப் பணியாளரின் மேற்பார்வையும், சொந்த வீட்டுச் சுமையோடு இதையும் தாங்கும் அவர்கள் தமக்குள் கூடிப் பேசும் வாய்ப்பும் அவசியம். இப்பணியை ஊதியமில்லாத் தொண்டாக்கிவிட வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். தாய்மார் இலவசமாகச் சுமப்பது ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறது.

மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்களுக்காக, "நட்புடன் உங்களோடு" மனநலச் சேவையின் 14416 எண்ணில் அழைக்கும் பெற்றோர் விரும்பினால், துணைப் பெற்றோர் ஒருவர் அவர்களைத் திரும்ப அழைத்துப் பேச ஏற்பாடு செய்யலாம். கூட்டங்களை வேலைநாள் முற்பகலில் மட்டும் வைத்தால் தந்தையரும் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மாரும் வர மாட்டார்கள்; ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

முதற்கட்டமாகச் சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைத் தொடங்கி, பயிற்சிப் பாடத்தை வகுக்கும் குழுவில் மருத்துவர்களுடன் பெற்றோரையும் உறுப்பினராகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்