வைத்தவளுக்குத் தெரியாத வாசம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, எழுந்து நடமாடுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள்.

"முன்பெல்லாம் எதையும் நின்று பார்ப்பேன், இப்போது ஒன்றும் கண்ணில் படுவதில்லை, மனசு மரத்துவிட்டதோ" என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதையேதான் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். மனசு மரத்துப்போகவில்லை. தலையில் மல்லிகை வைத்த சற்று நேரத்தில் அதன் வாசம் வைத்தவளுக்குத் தெரியாமல் போகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளுக்குத் தெரிகிறது. பூவும் வாடவில்லை, மூக்கும் கெடவில்லை. மாறாமல் வந்துகொண்டே இருப்பதை மூளை பொருட்படுத்துவதில்லை. புதிதாக வருவதற்கு இடம் வைத்துக்கொள்கிறது. வாசல் வேம்புக்கும், பல வருஷம் கூட வாழ்ந்தவர் முகத்துக்கும் இதே கதிதான்.

ஆகவே "எல்லாவற்றையும் ரசி" என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுத் தெருவையும் ரசிக்க யாராலும் முடியாது. ஏதாவது ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பூக்காரம்மாவின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர வைக்கிறார். ஈர நார் ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கண்ணியாகி, காம்புகளின் மேல் விழுந்து இறுகுகிறது. கூடுதலாக இழுத்தால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் பூ உதிர்ந்துவிடும். அந்த அளவு விரலுக்குத் தெரிகிறது. அவர் கண்ணோ எதிரே வரும் பஸ்ஸின் மேல் இருக்கிறது. எத்தனை வருஷமாக அவரிடம் முழம் போட்டு வாங்குகிறேன்!

லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அருங்காட்சியகத்துக்குப் போன மாணவர்களுக்கு, சும்மா பார்த்த பொருள்களைவிட, முழுதாகப் படம் எடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறைவு இல்லை. படத்தில் விழாத பகுதிகளும் நினைவில் இருந்தன. ஒரு துண்டில் மனம் ஊன்றினால் முழுப் பொருளும் கூடவே வந்துவிடுகிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, இப்போது உங்கள் வீட்டுக்கே பொருந்துவது. 1984-ல் ரோஜர் அல்ரிச் என்பவர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் இதே பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஜன்னலில் மரங்கள் தெரிந்த அறைக்காரர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் உன் வீட்டுக்காரரின் கட்டிலை டி.வி. பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போடு, காசா, பணமா? உங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு புங்க மரம் இருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அதில் ஒரே ஒரு கிளையை இருவருமாகப் பாருங்கள். தளிர் விட்டிருக்கிறதா, எந்தப் பறவை எந்த நேரத்தில் வந்து உட்காருகிறது என்று எனக்கு விவரமாக எழுது.

ஆவணியில் தங்கை மகளுக்குச் சென்னையில் கல்யாணம். முந்தின நாளே வந்து உன் வீட்டில்தான் தங்குவேன். அவருக்கு என்னவெல்லாம் சமைத்துக் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வை, சமையல் என் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி