உண்டியலை மூடாதே, மச்சான்

அன்புள்ள மச்சான்,

நேற்று போனில் பேசியதை அப்படியே விட மனம் வரவில்லை. புற்றுநோயாளிகளுக்குக் காசு சேர்க்க அன்று நம்மோடு சைக்கிள் மிதித்தவர்களும் அடுத்த வருடம் வர நினைப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் தனியாக அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உன் சைக்கிளைப் பற்றி. யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓட்டி வளர்ந்த ஒருவன் கண்டியிலிருந்து நுவரெலியா வரை ஏறி வந்ததை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் பேசுகிறார்கள். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர், நுவரெலியா 1868 மீட்டர். பேராதனை, கம்பளை வரை எங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போனாய். புசல்லாவையில் மூச்சு வாங்கியது. இறம்பொடையில் வண்டியை நிறுத்தி, மேலே வளைந்து வளைந்து போகும் ரோட்டை அண்ணாந்து பார்த்தாய். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி ஏறி உட்கார்ந்தாய். அந்த இடத்தில் உன்மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. லயத்திலிருந்து, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, ரோட்டுக்கு வருவதே படியும் ஒற்றையடிப் பாதையும்தானே, எங்கே வைத்துப் பழகுவது? ஆனால் ஓடத் தெரியும். பூங்கொத்தோடு குறுக்குப் பாதையில் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் நமக்கு முன்னால் வந்து நின்றானே ஒரு பையன், அவனை நீ மறந்திருக்க மாட்டாய். கார்களுக்குப் பூ விற்பதற்காக அப்படி ஓடிப் பழகியவன். அன்று கொஞ்ச நேரம் வியாபாரத்தை விட்டுவிட்டு நம்மோடு சும்மா ஓடினான்.

இந்தப் பாதையை ஏன் பிடிவாதமாகத் தெரிவு செய்தோம் என்று புறப்படும்போது உனக்குச் சரியாக விளக்க நேரமிருக்கவில்லை. கண்டிக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிற எங்கள் பகுதிச் சனங்கள் திரும்பி வருவது இந்த வழியால்தான். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. அது பெரிய விஷயம், அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பொதுவாகக் கிழமையில் ஐந்து நாள், பல கிழமைகளுக்குத் தொடர்ந்து போகவேண்டும். மெசினுக்குக் கீழே படுத்திருப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்காக நுவரெலியாப் பக்கத்திலிருந்து 77 கிலோமீட்டர் இறங்கி, மறுபடி 77 கிலோமீட்டர் ஏறி வரவேண்டும். பஸ்ஸில் ஒரு வழிக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நல்ல உடம்போடு போகிறவர்களே அந்த வளைவுகளில் வாந்தி எடுக்கிறார்கள். தொண்டையில் கதிர் பட்டு எச்சில் விழுங்க முடியாத ஒரு மனிதர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவதை நினைத்துப் பார்.

அதனால் கண்டியில் தங்கத்தான் வேண்டும். தங்குவதற்கு இடம், சாப்பாடு, துணைக்கு ஒரு ஆள். நோயாளி பெண் என்றால் கூடப் போகிறவர் பெரும்பாலும் மகளோ தங்கச்சியோ. இருவரும் கொழுந்து பறிக்கிறவர்கள் என்றால் அந்த வீட்டில் இரண்டு ‘பேர்’ விழாது, அதாவது இரண்டு நாட்சம்பளம் போய்விடும். பேர் போடாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது உனக்கு இப்போது தெரியும். வேலைக்குப் போனாலும் நிறுவையில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான். நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல். அது 1350 ஆனது 2024இல். இந்தக் கணக்கில் இரண்டு பேர் ஒரு மாதம் கண்டியில் எப்படி இருப்பது? சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ‘கொஞ்சம் சுகமாயிருச்சு’ என்று சொல்லிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுகிறார்கள். நாம் சேர்த்த காசு இந்த இடத்துக்குத்தான் போகிறது: பஸ் காசு, தங்கும் செலவு, கூட வருகிறவருக்கு மதியச் சாப்பாடு.

சரி, இனி இறம்பொடைக்கு மேலே லபுக்கலைத் தோட்டத்தில் நடந்தது.

பகல் நிறுவை நேரம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் நாம் வண்டியை நிறுத்தியதும் பெண்கள் சுற்றி வந்துவிட்டார்கள். தாதி அக்கா வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசினார். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது அந்தப் புற்றுநோய்தான் என்றதும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் பாக்கையும் அவர் சொன்னபோது பல கைகள் வாயை மூடிக்கொண்டன. குளிருக்கும் பசிக்கும் சேர்த்து வெற்றிலை போடுகிறவர்கள். இரண்டு மூன்று கிழமையாகியும் வாய்ப்புண் ஆறாவிட்டால் காட்டுங்கள், வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னதை ஒரு பெண் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் அந்த வயதான அம்மா. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விலக்கி, மடியில் முடிந்து வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு உண்டியலிடம் வந்தார். உண்டியல் உன் கையில். நீ சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் அதன் வாயை மூடினாய். ‘வேண்டாம் அம்மா, நீங்கள் வையுங்கோ’ என்றாய். ‘ஏன் தம்பி, எங்க காசு செல்லாதா?’ என்று கேட்டார். நீ மறுபடி சிரித்தாய். அவர் நோட்டை மடியிலேயே முடிந்துகொண்டு கூடையைத் தூக்கினார்.

அவருக்குப் பின்னால் நின்றவர்களை நீ கவனித்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். நாலைந்து பேர் கையில் காசோடு நின்றார்கள். உன் கை உண்டியல்மேல் இருந்ததைக் கண்டதும் அத்தனை பேரும் காசை உள்ளே வைத்துவிட்டார்கள்.

நேற்று நீ சொன்னாய்: ‘இவையளுக்காகத்தானே மச்சான் சேர்க்கிறம், இவையளிட்டையே வாங்கலாமோ?’ உன் மனசு எனக்குத் தெரியும். ஆயினும் இதில் நான் உன்னோடு உடன்படவில்லை.

எங்கள் சனம் கொடுத்தே வாழ்ந்த சனம். தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் கேட்பதற்கு முன்னமே மரண உதவிச் சங்கத்துப் பணம் வந்துவிடும். அரிசி, சீனி, தேயிலை எல்லாம் லயத்து வீடுகளிலிருந்து போகும். திருவிழா வந்தால் கோயில் பணம், அதுபோக தொழிற்சங்கச் சந்தா, இரண்டும் சம்பளத்தில் வெட்டுப்படும். அதைக் குறை சொல்கிறவர்களும் திருவிழாவுக்குக் குறைவில்லாமல் கொடுப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களின் கமராவில் மட்டும் நாங்கள் எப்போதும் கை நீட்டி வாங்குகிறவர்கள். நிவாரணப் பொதி வாங்குகிற படம், கொப்பி வாங்குகிற பிள்ளையின் படம். அந்த அம்மா அன்று கொடுக்கிறவராக வந்து நின்றார். தன்னைப் போன்ற ஒருத்திக்கு, தன் சம்பளத்திலிருந்து. அதைத் தடுக்க உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

உன் ஊரை வைத்தே சொல்கிறேன். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை காசு சேர்த்துக்கொண்டு நடந்து வந்தார்கள். போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்த காலம். அன்று யாராவது ஒரு வடக்குக்காரரிடம் ‘பாவம், நீங்கள் எல்லாம் இழந்தவர்கள், உங்கள் காசு வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் உன் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? நீ கோபப்பட்டிருப்பாய், மச்சான். எனக்கு உன்னைத் தெரியும்.

இருபது ரூபாய் வந்தால் இருபது ரூபாய்க்கும் நன்றி சொல்லி வாங்குவோம். தொகை பெரிதாக வேண்டுமென்றால் கொழும்பில் கேட்போம், வெளிநாட்டில் இருக்கிற உன் சொந்தங்களிடம் கேட்போம். கொழுந்து மடுவத்தில் உண்டியல் திறந்தே இருக்கட்டும்.

அடுத்த ஓட்டமும் பெப்ரவரியில்தான். ஏப்ரல் என்றால் நுவரெலியா சீசன் வாகனங்களுக்கு நடுவில் மிதிக்கமுடியாது. மே வந்தால் மழை. உன் மிதிகட்டைப் பக்கத்துப் பல்சக்கரத்தை இன்னும் சிறியதாக மாற்றிக்கொள், பின்பக்கம் பெரிய பல் போட்டுக் கொண்டு வா. இறம்பொடைக்கு மேலே அந்த கியர் போதாது என்று நீயே பார்த்தாய். பிரேக் கட்டைகளும் புதிதாக இருக்கட்டும், திரும்ப இறங்கும்போது அது முக்கியம். ஸ்வெட்டர் நான் தருகிறேன்.

லபுக்கலைக்குப் பகல் நிறுவை முடிவதற்குள் போய்ச் சேரும்படி, இந்த முறை கண்டியில் அரை மணி நேரம் முந்திப் புறப்படலாம் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா இன்னும் அதே மலையில்தான் பறிக்கிறார், விசாரித்துவிட்டேன். உண்டியலை நீதான் பிடிக்கவேண்டும். வருவதாக இருந்தால் தைப்பொங்கலுக்கு முன் சொல், தங்குவதற்கு இடம் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்