இந்த ஞாயிறு மதிப்பெண் கேட்க வேண்டாம்

ஞாயிறு பள்ளிப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இயேசுவின் நாமத்தில் வாழ்த்துக்கள்.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்துவிட்டன. ஆலய வாசலில் பிள்ளைகளிடம் "எத்தனை மார்க்?" என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். நாலு பேர் கேட்டாலே போதும், குறைவாக வாங்கின பிள்ளை அடுத்த வாரம் வராது.

இந்த வாரப் பாடம் 1 சாமுவேல் 16. அடுத்த ராஜாவை அபிஷேகம் பண்ணத் தீர்க்கதரிசி சாமுவேல் வந்தபோது ஈசாய் ஏழு மகன்களை அவர்முன் வரவழைத்தார். கடைசிப் பையன் தாவீது ஆடு மேய்க்கப் போயிருந்தான். அவனைக் கூப்பிட அப்பாவுக்கே தோன்றவில்லை. மூத்தவன் எலியாபின் தோற்றத்தைப் பார்த்துத் சாமுவேலே, ராஜா இவன்தான் என்று நினைத்துவிட்டார். கர்த்தர் பார்த்ததோ இருதயத்தை. வீட்டில் தன்னைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று நினைக்கும் பிள்ளைக்கு இது நேராகப் போய்ச் சேரும். ஆசிரியர்களே, உடனே தாவீது கோலியாத்தை ஜெயித்த கதைக்கு ஓடிவிடாதீர்கள். ஜெயித்ததால்தான் தாவீதுக்கு மதிப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

பெரிய வகுப்புக்கு லூக்கா 3:22. இயேசு ஊழியத்தைத் தொடங்கும் முன்பே பிதா அவரை நேசகுமாரன் என்றார். நல்ல மதிப்பெண் வாங்கின பிள்ளைக்கும் இது தேவை.

அப்புறம், இரவு ஜெபத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் கேட்கும்படி நன்றி சொல்லுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வது, பொய் சொல்லாதது என்று ஏதாவது ஒன்றுக்கு. படிப்பை அதில் இழுக்க வேண்டாம்.

எந்தப் பிள்ளையாவது சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 104 என்ற உதவி எண்ணை அழைத்தால் மாணவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும். எங்களிடமும் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் போட வேண்டாம்.