நாவூவில் கயிறு திரிக்க வைத்த அம்மாவுக்கு நன்றி

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் மோர்மோன்கள் என்ற சமயப் பிரிவினர் கட்டிய ஊர் நாவூ. 1846-இல் அவர்கள் அதை விட்டு மேற்கே கிளம்பிய கதையை வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் சின்னவள் தரையில் உருண்டு அழ ஆரம்பித்தாள். நாலு வயசுக்கு வரலாறாவது ஒன்றாவது! அங்கே தொண்டு செய்யும் வயதான அம்மா ஒருவர் வந்து, கயிறு திரிக்கும் கருவியின் கைப்பிடியை அவள் கையில் கொடுத்தார். அவள் சுற்றச் சுற்ற இழைகள் இறுகி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாக வந்தன. அழுகை போன இடம் தெரியவில்லை. அப்புறம் பெரியவனுக்கும் ஒரு முறை. செங்கல் சூளையில் பிள்ளைகளுக்குக் குட்டிச் செங்கல் தருவார்கள் என்று வழியும் காட்டினார். ரொம்ப நன்றி அம்மா. உங்களால்தான் நாங்கள் மீதிக் கதையை நிம்மதியாகக் கேட்டோம். 1844-இல் மோர்மோன் சமயத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் சுட்டுக் கொல்லப்பட்ட கார்த்தேஜ் சிறைக்கும் அந்தக் கயிறு கூடவே வந்தது.