காவலரின் முதுகை அளந்த பிறகு பையை வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் மேற்குப் பகுதியில் பணிபுரியும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு அன்பர்கள் சிலர் முதுகுப் பைகள் வழங்கிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படத்துடன் கண்டேன். கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வரிசையாக நின்றவர்களின் முதுகில் இருந்த பைகள் அனைத்தும் ஒரே அளவாக இருந்ததையும், ஐந்தடியைச் சற்றே தாண்டிய ஒருவருக்கு இடுப்பு வார் தொடைக்கு அருகில் தொங்கியதையும் பார்த்தபோது, இந்த மலைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் வனத்துறைப் பணியில் நடந்து பழகியவன் என்ற முறையில் இதை எழுதத் தோன்றியது.

காட்டில் நான்கைந்து நாட்கள் தங்கித் திரும்புபவருக்கு ஏற்ற பை எது என்பதைப் பற்றி இன்று மிக நுணுக்கமாக யோசிப்பவர்கள், அமெரிக்காவின் மேற்கு மலைகளில் உரிமம் பெற்று வேட்டையாடுபவர்கள். போகும்போது கூடாரம், உணவு, உடை ஆகியவற்றைச் சுமந்து செல்லும் அவர்கள், எல்க் போன்ற பெரிய மானை வீழ்த்திவிட்டால் அதன் இறைச்சியைப் பல நடையாகப் பிரித்து, ஒரு நடைக்கு முப்பது கிலோவும் அதற்கு மேலும் சுமந்து இறங்க வேண்டியிருக்கிறது. அதனால் அவர்களுடைய பைகளில் முதுகை ஒட்டி உறுதியான சட்டகம் ஒன்று இருக்கும். பையை அதிலிருந்து சற்று விலக்கி, இரண்டுக்கும் நடுவில் பாரத்தை வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்கான காலம் முடிந்துவிட்டது. இந்த மாவட்டத்திலோ 1877இல் வேட்டைக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்த பழைய நாட்களிலும், துரைமார்களின் மூட்டைகளைச் சுமந்தது கூலியாட்களின் தலைதான். துரைமார்களுக்குப் பையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று இதே புல்வெளிகளில் மூட்டையுடன் இரவு தங்குபவர்கள் வேட்டையைத் தடுக்கச் செல்பவர்கள் என்பதால், அங்கே வேட்டைக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் இங்கே இவர்களுக்குப் பயன்படுவதில் தவறில்லை.

ஒரு காவலரின் மூட்டையில் என்ன இருக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறிவதில்லை. ஐந்து பேர் கொண்ட குழு நான்கு நாள் ரோந்துக்குக் கிளம்பினால், தலைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ அரிசி, அதற்கேற்ற பருப்பு, உப்பு, எண்ணெய், பங்கிட்டு எடுத்துக்கொள்ளும் பாத்திரங்கள், கம்பளி, மாற்றுடை, தார்ப்பாய், கத்தி, டார்ச், வயர்லெஸ், சில நேரங்களில் தானியங்கிக் கேமராக்கள் என்று பதினான்கு, பதினைந்து கிலோ ஆகிவிடும். திரும்பும்போது புதர்களிலிருந்து அவிழ்த்தெடுத்த சுருக்குக் கம்பிகளும் சேர்ந்துகொள்ளும். நெடுநேரம் நடப்பவர் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதிருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள காவலர் பதினொரு கிலோதான் சுமக்க வேண்டும். சுமையைக் குறைக்க வழியில்லாதபோது, அது உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதையாவது நாம் கவனிக்க வேண்டும். வரையாடுகளுக்காக 2024இல் கணக்கெடுப்பு நடத்தித் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக அறிவித்தபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் செங்குத்தான சரிவுகளில் மூட்டையோடு ஏறி இறங்கிய கால்கள் இருக்கின்றன.

தலைச்சுமை தூக்குபவர் சும்மாடு கட்டுவது ஏன் என்று யோசித்தால் பையின் சூட்சுமம் விளங்கிவிடும். பாரம் முதுகெலும்பின் வழியாக நேராக இடுப்பில் இறங்க வேண்டும். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. முதுகுப் பையில் அந்த வேலையைச் செய்வது இடுப்புப் பட்டை. சுமையின் பெரும்பகுதியை அது ஏற்க வேண்டும். தோள் வார்கள் பையைப் பின்னால் சாயாமல் பிடித்திருந்தால் போதும். கடைக்காரர் ஐம்பது லிட்டர், அறுபது லிட்டர் என்று கொள்ளளவைச் சொல்லித்தான் பையை விற்கிறார். ஆனால் அறுபது லிட்டர் பை எல்லாருக்கும் அறுபது லிட்டர்தான். பொருந்துவதும் பொருந்தாததும் முதுகின் நீளத்தைப் பொறுத்தது, ஆளின் உயரத்தைக்கூடப் பொறுத்ததல்ல. நெட்டையான ஒருவருக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம்.

அளப்பதற்கு ஒரு தையல் நாடா போதும். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு புடைத்துத் தெரியும். அது மேல் எல்லை. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஊன்றி, கட்டைவிரல்களைப் பின்பக்கமாக நீட்டினால், அந்த இரு விரல்களையும் இணைக்கும் கோடு கீழ் எல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை முதுகெலும்பின் வளைவை ஒட்டி இன்னொருவர் அளக்க வேண்டும். தானே அளந்துகொண்டால் தவறிவிடும். நல்ல பைகளில் இந்த அளவுக்கேற்பச் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற வகைகள் இருக்கும், அல்லது தோள் வார்களை ஏற்றி இறக்கும் வசதி இருக்கும். நம் காவலர்களில் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினர். நான் உடன் நடந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறிய அளவே பொருந்தியது. இன்று பெண்களும் வனக்காப்பாளர்களாக வந்துவிட்டார்கள். அவர்களுக்கென்று தோள் வாரின் வளைவையும் இடுப்புப் பட்டையின் சாய்வையும் மாற்றித் தைத்த பைகள் கிடைக்கும்போது, ஆண்களுக்கான நடுத்தர அளவையே அவர்களுக்கும் கொடுப்பது பொருத்தமற்றது.

பொருந்தாத பை என்ன செய்யும் என்பதை என் இடது கை அறியும். பணியில் சேர்ந்த புதிதில், இடுப்புப் பட்டை என்ற பெயரில் வெறும் நாடா மட்டும் இருந்த ஒரு பையைச் சுமந்து அப்பர் பவானிப் பக்கம் ஐந்து நாட்கள் நடந்தேன். நான்காம் நாள் மாலையில் தீக்குச்சியை உரசுவதற்கு இடது கையால் பெட்டியைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் மரத்துவிட்டன. குளிர் என்றே நினைத்தேன். வீடு திரும்பி மூன்று வாரங்கள் ஆகியும் தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியாமல் மருத்துவரிடம் சென்றபோதுதான், தோள் வார் அழுத்தியதால் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கிறது என்றும், பாரம் சுமக்கும் படைவீரர்களுக்கு இது வருவது உண்டு என்றும் சொன்னார். கை சரியாவதற்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அதற்காக இடுப்புப் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்குவதும் ஆகாது. அது இடுப்பெலும்புக்குக் கீழே சரிந்து தொடைக் கவட்டை அழுத்தினால் வெளித்தொடை மரத்துப்போகும்.

ஆகவே வாங்குபவர்கள் பத்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் யோசனை. காலிப் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. காலியாக இருக்கும்போது எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். சிப்பத்தை உள்ளே வைத்து, எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பின்மீது படியுமாறு வைத்து முதலில் அதை இறுக்க வேண்டும். பிறகு தோள் வார்கள்; அதன் பிறகு தோள் வாரின் உச்சியிலிருந்து சட்டகத்துக்குச் செல்லும் சிறு இழுவார்கள்; கடைசியில் மார்பு வார். இப்போது தோளின் உச்சியில் வாருக்கு அடியில் ஒரு விரலை எளிதாக நுழைக்க முடிந்தால் பாரம் இடுப்பில் இறங்கிவிட்டது என்று பொருள். இடுப்புப் பட்டையின் மெத்தைப் பகுதிகள் முன்னால் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. தொட்டுவிட்டால் மேலும் இறுக்க இடமிருக்காது, நான்கு நாள் நடையில் வயிறு ஒட்டிய பிறகு பை நழுவும். சுவெட்டர் அணிந்தும் அணியாமலும் இருமுறை பார்ப்பது நல்லது. பிறகு கால்மணி நேரம் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும். உதகையில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை.

மழையைப் பற்றிச் சொல்லாமல் நீலகிரியில் பையைப் பற்றி எழுத முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பையோடு வரும் மழையுறை பையின் வெளிப்புறத்தை மட்டுமே மூடும். கழுத்து வழியாக முதுகில் இறங்கும் தண்ணீர், உறை இல்லாத பக்கமாக உள்ளே புகுந்துவிடும். அதனால் பைக்கு உள்ளே, வாயை முறுக்கிக் கட்டக்கூடிய கனமான நீர்புகாத உட்பை ஒன்று கட்டாயம் வேண்டும். நம் மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், பல ஆண்டுகள் உழைக்கும் துணி உட்பையாகவே வாங்கிக் கொடுப்பது முறை. இன்னொன்று: பல பைகளின் உட்புறத்தில் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, ஈரத்தோடு மடித்து வைத்தால் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரிந்துவிடும். முகாமின் மூலையில் குவித்து வைக்காமல், அடுப்பிலிருந்து தள்ளிக் காற்றாடும்படி தொங்கவிட வேண்டும்.

மேற்கே இப்படியென்றால், வடக்கே சிகூர்ப் பக்கம் கோடையில் ஓடைகள் வற்றிவிடும். மூன்று லிட்டர் தண்ணீர் என்பது மூன்று கிலோ கூடுதல் பாரம். ஆனால் அங்கே பாரத்தைவிடப் பெரிய கவலை யானை. உண்ணிச்செடி அடர்ந்த பாதையில் திரும்பும் இடத்தில் யானை நின்றால், பையைப் போட்டுவிட்டு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆதலால் அத்தகைய புதர்களுக்குள் நுழையும் முன்பே மார்பு வாரைக் கழற்றிவிட்டு, இடுப்புப் பட்டையின் பக்கிளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று என்னுடன் வந்த இருளர் காவலர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். ஒருமுறை அப்படிக் கழற்றி எறிந்த என் பையை மறுநாள் காலையில் சென்று பார்த்தோம். சட்டகம் வளைந்து, துணி கிழிந்து, அரிசியும் உப்பும் ஒரு மணி மிச்சமில்லாமல் போயிருந்தது. கம்பளியை மட்டும் மரியாதையாக ஓரத்தில் விட்டுவைத்திருந்தது. எனவே இடுப்புப் பக்கிள் ஒரே அழுத்தில் கழல்கிறதா என்பதைக் கம்பளிக் கையுறையோடும் ஈரக் கையோடும் சோதித்துப் பார்ப்பது விலையைப் பேரம் பேசுவதைவிட முக்கியம். வெள்ளத்தில் ஓடையைக் கடப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிப்புற வலைப் பைகள் முள்ளில் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. ஒட்டுப்பட்டி வைத்த மூடிகள் இரவின் அமைதியில் கிழிபடும் ஓசை ஒரு பர்லாங்குக்குக் கேட்கும். மரத்தில் உரசினால் கரகரக்கும் துணியும் அப்படியே. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் ஓசையெழாத துணியைத் தேடுவது விலங்குக்குத் தெரியாமல் நெருங்குவதற்கு. நம்மவர்களுக்கு அது வேட்டைக்காரனுக்குத் தெரியாமல் நெருங்குவதற்குத் தேவை. பையின் எடையை மிகவும் குறைக்க ஆசைப்பட வேண்டாம்; சட்டகமில்லாத மெல்லிய பை பன்னிரண்டு கிலோவைத் தாண்டினால் மூட்டையாகச் சுருண்டுவிடும். இரண்டு, இரண்டரை கிலோ எடையுள்ள உறுதியான பை தன் எடைக்கான கூலியைத் தந்துவிடும். அரிசியை முதுகை ஒட்டி நடுவில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், மற்றதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

கொடையாளர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை இதுதான்: ஐம்பது பேருக்கு ஒரே அளவில் ஐம்பது பைகள் வாங்குவதற்கு முன், முகாம்களுக்கு ஒருவரை அனுப்பி ஒவ்வொருவரின் முதுகு நீளத்தையும் இடுப்புச் சுற்றளவையும் பெயருக்கு நேராக எழுதி வாங்கிவரச் செய்யுங்கள். பணம் போதாவிட்டால் ஐம்பதுக்குப் பதில் முப்பது வாங்குங்கள். பொருந்தாத இருபது பைகள் முகாமில் உருளைக்கிழங்கு போட்டு வைக்கத்தான் பயன்படும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே வழங்கப்பட்ட பைகளில் இடுப்புப் பட்டை மட்டும் பொருந்தாதவற்றை, கனமான தையல் இயந்திரம் வைத்திருக்கும் தையற்காரர் ஒருவரைக் கொண்டு பிரித்து, ஏற்றித் தைத்துவிட முடியும். ஒரு பைக்கு அரை நாள் வேலை. அடுத்த தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் யாரேனும் இதைச் செய்ய முன்வந்தால், அளவு நாடாவோடு முகாம் முகாமாக வர நான் தயாராக இருக்கிறேன். முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை. ஜீப்பில் ஓர் இடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனவர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.