தோற்றது யார் என்பதைப் பொறுத்து

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு இனிப் படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் நான் முதலில் எடுத்தது உங்கள் கடிதத்தைத்தான். அரசியலமைப்பில் எழுதியிருப்பதை எழுதியபடியே நீதிபதிகள் படிக்க வேண்டும், குறை தெரிந்தால் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று வாதிட்டிருக்கிறீர்கள். தேர்தலில் நிற்காத ஒருவர் தமக்கு நியாயமாகப் பட்டதையெல்லாம் சட்டத்துக்குள் ஏற்றிவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு பழைய வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

செண்பகம் துரைராஜன் வழக்கு உங்களுக்கு மனப்பாடம். கல்லூரியின் ஒவ்வொரு 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர்கள், தாழ்த்தப்பட்டோர் ஆகியோருக்குத் தலா 2, கிறித்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை, மதம், சாதி போன்றவற்றை மட்டும் காரணமாக்கி அரசுக் கல்வி நிறுவனங்களில் இடம் மறுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 29(2)-ஆவது பிரிவுக்கு முரண் என்று 1951 ஏப்ரலில் செல்லாமல் போனது. நீதிபதிகள் எழுத்தை எழுத்தாகவே படித்தார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பின்போதே தொடங்கிவிட்ட பெரியாரின் கிளர்ச்சியும் சேர்ந்துகொள்ள, ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிறந்தது. இதுவரை நீங்கள் சொல்வது சரி. (அது பொதுத் தேர்தலுக்கு முந்தைய தற்காலிக நாடாளுமன்றம் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.)

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கிலும் எழுத்தை எழுத்தாகவேதான் படித்தார்கள். விசாரணையின்றித் தடுப்புக் காவலில் இருந்த அவர், தடுப்புக் காவல் சட்டத்தின் நடைமுறையே அநீதியானது என்றார். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு சட்டம் வகுத்த நடைமுறையைத்தான் கேட்கிறது, சட்டமும் இருக்கிறது, அதில் நடைமுறையும் இருக்கிறது, அது நியாயமானதா என்பது எங்கள் வேலையன்று என்று 1950 மே மாதம் பெரும்பான்மை நீதிபதிகள் முடித்துவிட்டார்கள். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் சொல்லத் தடைவிதித்த, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு மட்டும் அடிபட்டது. நடைமுறை என்றாலே முன்னறிவிப்பும், தம் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும், நடுநிலையான தீர்ப்பாயமும் அதில் அடங்கும் என்று நீதிபதி ஃபசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, வெறும் மாறுபட்ட தீர்ப்பாகவே நின்றது.

இந்தத் தீர்ப்பைத் திருத்த நாடாளுமன்றம் அவசரப்படவில்லை. எதற்காக அவசரப்படும்? செண்பகம் வழக்கில் தோற்றது அரசாங்கம்; இங்கே தோற்றது ஒரு கைதி. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில் சொல்ல, கடைசியில் நீதிமன்றமே வர வேண்டியிருந்தது. அதற்குள் 28 ஆண்டுகள் ஓடிவிட்டன.

நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காவலில் இருப்பவர்கள் விடுதலை கேட்டு நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற ஆட்கொணர்வு வழக்கில் நீதிபதிகள் ஐவரில் நால்வர் அரசின் பக்கம் சாய்ந்ததை நீங்கள் சுட்டிக்காட்டுவீர்கள். நீதிபதிகளை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அரசைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு தவறாகவே இருந்தாலும், அதை மாற்றும் பெரும்பான்மை அரசின் கையில் இருக்கிறது. அரசை அவிழ்த்துவிடும் தீர்ப்பு தவறானால் அதைத் திருத்த அரசுக்கு ஒரு தேவையும் இல்லை. எனவே இரண்டாவது வகை வழக்கில் எழுத்தோடு நின்றுவிடுவதை நடுநிலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. தடுப்புக் காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் ஒருவரைக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, 44-ஆவது திருத்தத்தில் நாடாளுமன்றமே ஒரு பிரிவை நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த மத்திய அரசும் இன்றுவரை வெளியிடவில்லை. திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்ற உங்கள் வாதத்தில் இது எங்கே பொருந்துகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்